பாதியில் நிற்கும் பின்னல் வேலைகள்: எதை முடிப்பது, எதைப் பிரிப்பது – முழுமையான வழிகாட்டி

அலமாரியில் ஒரு கை மட்டும் முடிந்த ஸ்வெட்டர், கட்டிலுக்கு அடியில் குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) மேசை விரிப்பு, கைப்பையில் காதுப்பக்கம் வராத மங்கி குல்லா. இதற்கிடையில் புதிதாக வாங்கிய நூல்கண்டுகள் வேறு. குன்னூரில் என்னிடம் பின்னல் பழக வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் இந்தக் கதைதான். அவர்களிடம் சோம்பல் கிடையாது, கை ஓயாமல் பின்னிக்கொண்டே இருப்பவர்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதிலும் தப்பில்லை. தாவும்போது பழைய வேலையை எங்கே விட்டோம் என்று எழுதாமல் விடுவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் ஆரம்பம்.

கீழே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். பலர் எட்டாவது படியில் தொடங்குகிறார்கள். எடுத்தவுடன் ஊசியை உருவிப் பிரித்துவிட்டு, பிறகுதான் எத்தனை கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) இருந்தது, எந்த ஊசி என்று தேடுகிறார்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

இஞ்ச் டேப், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, பத்துப் பன்னிரண்டு ஊக்கு, முனை மழுங்கிய தடித்த தையல் ஊசி, வழுவழுப்பான வேறு நிறப் பருத்தி நூல், ஒரு குரோஷா ஊசி, அட்டைத் துண்டுகள், பேனா. இவற்றோடு, நீங்கள் வழக்கமாகப் பின்னும் ஊசியைவிட இரண்டு அளவு மெலிந்த ஊசி ஒன்றும் வேண்டும். அது எதற்கென்று எட்டாவது படியில் சொல்கிறேன்.

தராசை விட்டுவிடாதீர்கள். நூல் போதுமா போதாதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

2. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், கம்பளியைத் தனியே வையுங்கள்

வீட்டில் எங்கெங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்களோ அத்தனையையும் வெளிச்சத்தில் ஒரு வெள்ளை வேட்டியின்மேல் பரப்புங்கள். வேட்டி எதற்கென்றால், உதிரும் தூசியும் பூச்சியும் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

அந்துப்பூச்சியின் புழு உண்மையான கம்பளியைத் தின்னும், அக்ரிலிக்கை விட்டுவிடும். நூலில் அங்கங்கே வெட்டுப்பட்ட மாதிரி முனைகளோ, அரிசி மணி அளவில் வெளிறிய கூடுகளோ தெரிந்தால் அந்த வேலையை உடனே பாலிதீன் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். முன்னாலேயே திறந்தால் குளிர்ந்த நூலில் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் இருக்கும் பேட்டர்னை, அதாவது பின்னும் முறைக் குறிப்பை, ராமபாணப் பூச்சி அரித்திருந்தால், மிச்சம் இருப்பதை இப்போதே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேபிள் தொலைந்துபோய், கம்பளியா அக்ரிலிக்கா என்று தெரியவில்லையா? ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின்மேல் தீ வைத்துப் பாருங்கள். கம்பளி தலைமுடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக இறுகும். பருத்தி, காகிதம் எரிவதுபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும். இந்த விவரம் பின்னால் துவைக்கும்போது கட்டாயம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று தருவதில் நிறைய அக்ரிலிக்தான்.

3. ஊசியை உருவாதீர்கள், முதலில் எழுதுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அதில் என்ன பொருள், யாருக்கு, எந்த நூல், லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு லேபிளில் இருக்கும் எண்), ஊசி அளவு, ஊசியில் இப்போது இருக்கும் கண்ணிகள், பேட்டர்ன் எங்கே இருக்கிறது என்று எழுதி, பின்னலிலேயே ஊக்கால் குத்திவிடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் வேலை ஓரிடம், நோட்டு ஓரிடம் என்று ஆகிவிடும்.

ஊசி அளவில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் பழைய ஊசிகளில் பிரிட்டிஷ் எண்தான் போட்டிருக்கும். அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மி.மீ., 10-ஆம் எண் 3.25 மி.மீ., 12-ஆம் எண் 2.75 மி.மீ. அமெரிக்க எண் இதற்கு நேர்மாறு. அங்கே 8 என்றால் 5 மி.மீ. இணையத்தில் எடுத்த பேட்டர்னில் ‘8’ என்று பார்த்துவிட்டுப் பாட்டியின் 8-ஆம் எண் ஊசியில் பின்னினால், ஸ்வெட்டர் இரண்டு சைஸ் குறைந்து நிற்கும். அட்டையில் எப்போதும் மி.மீ. கணக்கில் மட்டும் எழுதுங்கள்.

ஊசியில் எண் அழிந்திருந்தால் ஒரு மெல்லிய காகிதப் பட்டையை ஊசியைச் சுற்றி ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, இரு முனையும் சந்திக்கும் இடத்தில் கோடு போட்டு அளங்கள். 12.5 மி.மீ. வந்தால் 4 மி.மீ. ஊசி. வேறு எது வந்தாலும் 3.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

குரோஷாவில் இன்னொரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் பேட்டர்னில் ‘டபுள் குரோஷே’ என்பதுதான் அமெரிக்கப் பேட்டர்னில் ‘சிங்கிள் குரோஷே’. பிரிட்டிஷ் ‘ட்ரெபிள்’, அமெரிக்க ‘டபுள்’. பாதியில் நிற்கும் விரிப்பை எடுத்து வேறு முறையில் படித்துத் தொடர்ந்தால், அந்த வரிசையிலிருந்து உயரம் இரு மடங்காகும் அல்லது பாதியாகும். பேட்டர்னில் ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் எங்காவது வந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் பொதுவாக அந்தப் பெயர் வராது. அட்டையில் அதையும் குறியுங்கள்.

4. எங்கே நின்றது என்று பின்னலையே படியுங்கள்

நினைவை நம்ப வேண்டாம். எல்லா விவரமும் உங்கள் கையில் இருக்கும் பின்னலில் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும். இந்தப் படிக்கு ஒரு மத்தியானம் முழுதும் போனாலும் பரவாயில்லை.

*வரிசையின் நடுவில் நின்றிருந்தால்:* இரண்டு ஊசியிலும் கண்ணிகள் இருக்கும். நூல்கண்டிலிருந்து வரும் நூல் எந்தக் கண்ணியில் முடிகிறதோ, அதுதான் கடைசியாகப் பின்னிய கண்ணி. அது இருக்கும் ஊசி உங்கள் வலது கையில் வர வேண்டும். இதைப் பார்க்காமல் கைக்கு வந்தபடி பிடித்துப் பின்னத் தொடங்கினால், பாதி வழியில் திரும்பிப் போகிறீர்கள் என்று அர்த்தம். திரும்பிய இடத்தில் சின்ன ஓட்டை விழும், ஒரு பக்கம் இரண்டு வரிசை கூடும். “அக்கா, ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கிட்டே போகுது” என்று கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு நான் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான்.

*வரிசை முடிந்து நின்றிருந்தால்:* கண்ணி இருக்கும் ஊசியை இடது கையில், நூல் முனைப் பக்கம் வரும்படி பிடியுங்கள். சாதாரண நிட்–பர்ல் துணியில் (ஒரு வரிசை நிட் என்ற நேர்ப் பின்னல், அடுத்தது பர்ல் என்ற எதிர்ப் பின்னல்) உங்களைப் பார்த்து வி-வடிவம் தெரிந்தால் அடுத்தது நிட் வரிசை. மேடு மேடாகத் தெரிந்தால் பர்ல் வரிசை.

*ரிப் பார்டர் (நிட்டும் பர்லும் மாறி மாறி வந்து இழுபடும் ஓரம்) என்றால்:* ஒவ்வொரு கண்ணிக்கும் கழுத்தடியைப் பாருங்கள். வழுவழுப்பாக வி இருந்தால் நிட். கழுத்தில் துண்டு சுற்றினதுபோல ஒரு கோடு இருந்தால் பர்ல். பேட்டர்ன் இல்லாமலே தொடரலாம்.

*வரிசை எண்ண:* வி-க்களை ஒரே நெடுவரிசையில் கீழிருந்து மேலே எண்ணுங்கள். ஊசியில் இருக்கும் கண்ணியும் ஒரு வரிசை. கண்ணி ஏற்றிய அடி ஓரம் கணக்கில் சேராது. எல்லா வரிசையும் நிட் என்றால் ஒரு மேட்டுக் கோடு இரண்டு வரிசைக்குச் சமம். பத்துப் பத்து வரிசைக்கு ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டே போனால் இன்னொரு முறை எண்ண வேண்டியிராது.

*கேபிள் (முறுக்கிய கயிறுபோலத் தெரியும் பின்னல்) என்றால்:* கடைசியாகக் கண்ணிகளைக் குறுக்கே மாற்றிய இடத்தில், ஓரமாக ஒரு சிறு துளை தெரியும். பின்னலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, அந்தத் துளையிலிருந்து ஊசி வரைக்கும் ஏணிப்படிபோல இருக்கும் குறுக்கு நூல்களை எண்ணுங்கள். குறுக்கே மாற்றிய பிறகு பின்னிய வரிசைகள் அவைதான்.

*கைக்குழி, கழுத்து என்று குறைத்திருந்தால்:* குறைத்த இடத்தில் இரண்டு கண்ணி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். ஓரத்தோடு அவற்றை எண்ணி, ஊசியில் இப்போது இருக்கும் கண்ணிகளோடு கூட்டிப் பாருங்கள். தொடங்கிய எண்ணிக்கை வரவேண்டும். வரவில்லை என்றால் ஏதோ கண்ணி நழுவியிருக்கிறது. தேடி, கிடைத்தவுடன் ஊக்கில் மாட்டுங்கள். சரிசெய்வது அப்புறம். ஊக்கு மாட்டாமல் துணியை இழுத்துப் பார்த்தால் அது அடிவரைக்கும் ஓடிவிடும்.

குரோஷாவில் இவ்வளவு தொல்லை இல்லை. உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதில் ஊக்கை மாட்டிவிட்டு, கடைசி மூன்று வரிசையிலும் தையல்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றொன்று குறைந்தால் வரிசை முடிவில் இருக்கும் திருப்பச் சங்கிலியை (வரிசையைத் திருப்பும்போது போட்ட சங்கிலித் தையலை) விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். விரிப்பு கூம்பிக்கொண்டே போவதற்கு அதுதான் காரணம்.

5. யாருக்காகப் பின்னுகிறீர்களோ அவர்களை அளங்கள்

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் தொடங்கிய குழந்தை ஸ்வெட்டரை ‘எவ்வளவு மிச்சம்’ என்று கேட்பதற்கு முன், குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் முடித்துவிட்டு, தலை நுழையாமல் நிற்கிறவர்கள் ஏராளம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பின்னியிருக்கும் பகுதியை மேசையில் இழுக்காமல் வைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 22 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் மார்புச் சுற்று 60 செ.மீ. உள்ளே சட்டை போட, கை தூக்க என்று 6 செ.மீ. கூட்டினால் 66 செ.மீ. வேண்டும். உங்கள் முன்பக்கத்தில் 64 கண்ணி இருக்கிறது. இரண்டு ஓரமும் தையலுக்குப் போக 62. அது 28 செ.மீ. முன்னும் பின்னும் சேர்த்து 56. பத்து செ.மீ. குறைகிறது.

இதற்காக முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கவாட்டிலும் 5 செ.மீ. அகலத்தில், இடுப்பிலிருந்து அக்குள் வரைக்கும் தனிப் பட்டை பின்னி நடுவில் வைத்துத் தைக்கலாம். 11 கண்ணி, தையலுக்கு 2, ஆக 13 கண்ணி. ரிப் வைத்தால் இழுபடும். வேறு நிறம் வைத்தால் திட்டமிட்டே செய்தமாதிரி இருக்கும். ஆனால் அக்குளில் பட்டை கூடுவதால் கையின் மேல் அகலமும் அதே அளவு கூட வேண்டும். கை இன்னும் பின்னவில்லை என்றால்தான் இந்த வழி சுலபம். கையும் முடிந்துவிட்டது என்றால் பக்கத்து வீட்டுச் சின்னக் குழந்தைக்குக் கொடுப்பதே மேல்.

6. நூல் போதுமா? தராசில் பாருங்கள்

மீதி நூல்கண்டை நிறுத்து எழுதுங்கள். இப்போதைக்குப் பின்னத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே முடித்த ஒரு துண்டு, ஒரு கையோ பின்பக்கமோ இருந்தால் அதை நிறுங்கள். அதே மாதிரி இன்னொன்றுக்கு அதே எடை நூல் வேண்டும், கணக்கு முடிந்தது. ஊசியோடு சேர்த்து நிறுக்காதீர்கள், கண்ணிகளை வேறு நிற நூலில் மாற்றிவிட்டு நிறுங்கள்.

அப்படி முடித்த துண்டு இல்லை என்றால், பின்னத் தொடங்கும் நாளில் பத்து வரிசைக்கு முன்னும் பின்னும் நிறுங்கள். பத்து வரிசை 14 கிராம் தின்கிறது, மீதி 42 கிராம் என்றால் 30 வரிசை வரும். ஒரே வரிசையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வீட்டுத் தராசு அரைக் கிராமைக் காட்டாது. கண்ணி முடிக்க, கழுத்துப் பட்டைக்கு, தைக்க என்று கொஞ்சம் ஒதுக்கியே கணக்குப் போடுங்கள். கழுத்துப் பட்டையை மறந்துவிடுவது ரொம்பச் சாதாரணம்.

நூல் குறைந்தால் அதே நிறம், அதே லாட் எண் தேட வேண்டும். பழைய லாட் கிடைப்பது அபூர்வம். வேறு லாட்டில் வாங்கினால் கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் கோடு போட்டமாதிரி காட்டிக்கொடுக்கும். அதனால் புதுக் கண்டைச் சட்டென்று தொடங்காமல், எட்டுப் பத்து வரிசைக்குப் பழையதில் இரண்டு, புதியதில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். அல்லது புதிய லாட்டைப் பார்டருக்கும் கழுத்துக்கும் மட்டும் வையுங்கள். பின்னல் முறை மாறும் இடத்தில் கண் நிறத்தை ஒப்பிடாது.

7. மூன்று குவியல்

இப்போது அட்டைகள் எல்லாவற்றிலும் விவரம் இருக்கிறது. அவற்றை வைத்து முடிவெடுங்கள், பொருளைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டே எடுக்காதீர்கள். தடவினால் எதையும் விட மனசு வராது.

*முடிப்பது:* அளவு சரி, நூல் போதும், போடுகிறவர் இன்னும் ஆசைப்படுகிறார். மூன்றும் வேண்டும்.

*பிரிப்பது:* நூல் நல்லது, ஆனால் பொருள் இனி வேண்டாம்.

*கைமாற்றுவது:* வேலை நல்லது, உங்களுக்குத்தான் அலுத்துவிட்டது. அட்டை, பேட்டர்ன், நூல், ஊசி எல்லாவற்றோடும் பின்னத் தெரிந்த இன்னொருவருக்குக் கொடுங்கள். ஊசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கொடுத்தால் அவர் வீட்டில் அது பாதியில் நிற்கும். ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு என்பதால், நடுவில் நிற்கும் ஸ்வெட்டரைவிடச் சதுரம் சதுரமாகச் சேர்க்கும் போர்வைதான் கைமாற்றத் தோது.

‘முடிவுக்கு மிக அருகில் இருப்பதை முதலில் முடி’ என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவு மாறக்கூடியதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். குழந்தை துணி முதலில், அப்புறம் பனிக்கு வேண்டியது, மேசை விரிப்பு கடைசியில். மேசை வளராது.

8. பிரிப்பதும் திரும்ப ஊசியில் ஏற்றுவதும்

*முழுவதும் பிரிக்க:* தைத்த இடங்களை முதலில் அவிழுங்கள். பிறகு, கண்ணி முடித்த பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். ஏற்றிய பக்கத்திலிருந்து இழுத்தால் சிக்கிக்கொண்டு நிற்கும். கோபத்தில் கத்தரி வைத்தால் நூல் துண்டு துண்டாகும்.

பிரியும் நூலை நேரே உருண்டையாகச் சுற்றாதீர்கள். நாற்காலி முதுகில் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டாமல் தண்ணீரில் போட்டால் அவ்வளவுதான்.

கம்பளி பிரித்தவுடன் இடியாப்பம்போல நெளிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கசக்கக் கூடாது, சுடுதண்ணீர் கூடாது, இரண்டாலும் கம்பளி சுருங்கி அடைத்துக்கொள்ளும். துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து நிழலில் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். அக்ரிலிக்கில் முழுதாகப் போகாது. போகவில்லையே என்று இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் நூல் துவண்டுவிடும், திரும்ப எழுந்திருக்காது. லேசான நெளிவோடு பின்னி, முடித்ததும் துவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

*பாதிவரை பிரிக்க:* எந்த வரிசைவரை வேண்டுமோ அந்த வரிசையில், மழுங்கிய ஊசியில் பருத்தி நூல் கோத்து, ஒவ்வொரு வி-யின் வலது காலுக்குள்ளும் நுழைத்து ஓரத்திலிருந்து ஓரம் போங்கள். எல்லாம் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, கண்ணிகளை எண்ணுங்கள். அதன்பிறகு தைரியமாக ஊசியை உருவி இழுக்கலாம். பிரிதல் அந்தக் காப்பு நூலில் வந்து நிற்கும்.

திரும்ப ஏற்றுவதற்குத்தான் அந்த மெலிந்த ஊசி. தடித்த ஊசியை நுழைத்தால் பக்கத்துக் கண்ணி இழுபட்டு நழுவும். மெலிந்ததில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அடுத்த வரிசையைச் சரியான ஊசியால் பின்னினால் போதும். ஏற்றும்போது ஒவ்வொரு கண்ணியின் வலது காலும் ஊசிக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் இருப்பதை அப்படியே பின்னினால் அது முறுக்கிக்கொண்டு, துணி முகத்தில் தனியாகத் தெரியும். அந்தக் கண்ணியை மட்டும் பின்பக்கமாக ஊசி விட்டுப் பின்னுங்கள், நேராகிவிடும்.

9. மறுபடி தொடங்கும் நாள்

ஊசி மாதக்கணக்கில் கிடந்த வரிசை இழுபட்டிருக்கும். ஸ்டீல் ஊசி என்றால் மழைக்காலத்தில் துருக்கறையும் பிடித்திருக்கும். அதனால் இரண்டு வரிசை பிரித்துவிட்டே தொடங்குங்கள். விட்டுவைத்தால் அந்தக் கோடு துவைத்தாலும் போகாது.

கை இறுக்கமும் மாறியிருக்கும். எடுத்தவுடன் ஸ்வெட்டரில் கைவைக்காமல், மீதி நூலில் 30 கண்ணி ஏற்றி ஒரு சாண் பின்னிப் பாருங்கள். பழைய பகுதியில் 10 செ.மீ.க்கு 22, இப்போது 24 என்றால் கை இறுகிவிட்டது. ஊசியைக் கால் அல்லது அரை மி.மீ. ஏற்றுங்கள். கையைத் தளர்த்திப் பின்னுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், பத்து வரிசைக்கு மேல் அது நிற்காது.

10. இரண்டாவது கை

ஒரு கையை முடித்ததும் அலுப்பு வருகிறது, ஸ்வெட்டர் அலமாரிக்குப் போகிறது. முதல் கை இன்னும் தொடங்கவில்லை என்றால் 80 செ.மீ. வயர் ஊசியில் (இரண்டு ஊசியும் ஒரு வயரில் இணைந்தது) இரண்டு கையையும் பக்கம் பக்கமாக ஏற்றி, இரண்டு நூல்கண்டு வைத்துச் சேர்த்தே பின்னுங்கள். குறைப்பதும் கூட்டுவதும் தானாகவே ஒரே வரிசையில் விழும். ஒரே விதி: முதல் கையில் ஒரு வரிசை முடித்தால், இரண்டாவது கையிலும் அதே வரிசையை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அடுத்த முறை திரும்பிப் போய் ஒரு கை மட்டும் நீளும்.

முதல் கை முடிந்துவிட்டது என்றால், அதிலேயே ஒவ்வொரு பத்தாவது வரிசையிலும், கண்ணி கூட்டிய இடங்களிலும் வேறு நிற நூலைக் கட்டி, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பின்னுங்கள். டேப்பால் அளந்து பின்னுவது நம்பகமில்லை, தைக்கும்போது வரிசைக்கு வரிசை சேராது.

11. தையலும் நூல் முனையும்

‘பின்னல் முடிந்தது, தைக்கத்தான் பாக்கி’ என்று பையில் போட்டவைதான் அதிகம். தைப்பதைத் தனி வேலையாக எண்ணி, பகல் வெளிச்சத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

துண்டுகளை நனைத்து, கெட்டித் துண்டின்மேல் அளவுக்கு விரித்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவையுங்கள். சுருண்ட ஓரத்தைத் தைப்பதுதான் கோணலாகப் போகிறது. காய்ந்ததும் நல்ல பக்கம் மேலே இருக்க, ஓரத்துக் கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்து இழுங்கள். தோள் முதலில், பிறகு கை, கடைசியில் பக்கவாட்டு.

முனைகளை முடிச்சுப் போட்டு நறுக்காதீர்கள். முடிச்சு ஒன்று உறுத்தும், இல்லாவிட்டால் முன்பக்கம் எட்டிப் பார்க்கும். அக்ரிலிக்கில் அவிழவும் செய்யும். 15 செ.மீ. விட்டு, உள்பக்கமாக 5 செ.மீ. ஒரு திசையிலும், திரும்பி வந்து எதிர்த் திசையிலும் கோத்துவிடுங்கள். ஒருமுறை துவைத்துக் காய்ந்த பிறகே நறுக்க வேண்டும். பட்டனைத் துளை பின்னி முடித்த பிறகு வாங்குங்கள்.

12. இனித் தாவுவதற்கு ஒரு ஒழுங்கு

தாவுகிற சுபாவம் போகாது. போகவும் வேண்டாம். மூன்று இடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலும் டிவி முன்னாலும் கண் பார்க்காமல் பின்ன ஒன்று. உட்கார்ந்து எண்ணிப் பின்ன வேண்டிய கேபிளோ லேஸோ ஒன்று. ஒரு வாரத்தில் முடிகிற குல்லா, காலுறை மாதிரி ஒன்று. தாவினால் இந்த மூன்றுக்குள் தாவுங்கள். நான்காவது வேண்டுமென்றால் ஒன்று முடிய வேண்டும், அல்லது பிரிய வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி ஊசி இருக்கட்டும். ஒன்றின் ஊசியை உருவி இன்னொன்றைத் தொடங்குவதில்தான் பல ஸ்வெட்டர்கள் அநாதையாகின்றன.

நிறுத்தும்போது வரிசையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். லேஸில் பின்பக்க வரிசையை முடித்து நிறுத்தினால் அடுத்த முறை பேட்டர்ன் வரிசையிலிருந்து தொடங்கலாம். அட்டையில் அடுத்து பின்ன வேண்டிய வரிசையின் எண்ணை எழுதுங்கள். முடித்த வரிசையை எழுதினால், ‘இது முடித்ததா, முடிக்க வேண்டியதா’ என்று பிறகு குழம்புவீர்கள்.

பையாகப் பழைய தலையணை உறை போதும். பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் நம் மழைக்கு முக்கல் வாடை பிடிக்கும்.

புது நூலைப் பார்த்ததும் கை பரபரக்கிறதா? 12 செ.மீ.க்கு 12 செ.மீ. ஒரு மாதிரித் துண்டு மட்டும் பின்னுங்கள், துவைத்துக் காயவையுங்கள். பரபரப்பில் பாதி கண்ணி ஏற்றுவதில்தான் இருக்கிறது, அது அந்தத் துண்டிலேயே தீர்ந்துபோகும். காய்ந்த பிறகும் பின்னத் தோன்றினால், கண்ணிக் கணக்கு உங்கள் கையில் தயாராக இருக்கிறது. தோன்றாவிட்டால் நூல் முழுசாக மிச்சம். அந்தத் துண்டில் நூலின் லேபிளை ஊக்கால் குத்தி டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஒரே நூல் வகையில் இப்படித் துண்டுகள் சேர்ந்தால் இணைத்துப் போர்வையாக்கலாம். கம்பளித் துண்டையும் அக்ரிலிக் துண்டையும் மட்டும் கலக்காதீர்கள். முதல் சலவையில் கம்பளி சுருங்கி, அக்ரிலிக் அப்படியே நின்று, போர்வை முழுதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.